ஆர்டர் வந்தாச்சா, ஆட்டம் நின்னாச்சா?

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் கூடைப்பந்து. லூகா டான்சிச்சில் தொடங்கி ரயில்வே ஆர்டரில் வந்து நிற்கிற கேள்விகள். கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே சைக்கிளை நுழைத்து பிராக்டிஸுக்குப் போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியவை. அரசியல், சினிமாக் கேள்விகள் அடுத்த வாரம் வரை பொறுக்கட்டும்.

கே: டல்லாஸ் அணி லூகாவை எதற்குத் தூக்கிக் கொடுத்தது? இன்னும் எனக்கு ஆறவில்லை.
– கல்லூரி மாணவர், காலடிப்பேட்டை

ப: டல்லாஸ்காரர்களுக்கே ஆறவில்லை, தம்பி. 2024 ஜூனில் அணியை இறுதிச் சுற்று வரை கொண்டுபோன 25 வயதுப் பையனை, 2025 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு ராத்திரியில் லேக்கர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர்கள் 31 வயது ஆன்தனி டேவிஸ், இளம் வீரர் மேக்ஸ் கிறிஸ்டி, கூடவே 2029 டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறையில், ஒரு முதல் சுற்று வாய்ப்பு. தடுப்பாட்டம்தான் கோப்பை வாங்கித் தரும் என்பது மேலாளர் நிகோ ஹாரிசன் சொன்ன நியாயம். அந்தத் தடுப்பாட்டத்துக்காக வந்த டேவிஸ் முதல் மேட்சிலேயே அடிபட்டு உட்கார்ந்தார். அதே வருஷம் நவம்பரில் ஹாரிசன் வேலை போனது. இடையில் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு டிராஃப்ட் லாட்டரியில் முதலிடம் அடித்து கூப்பர் ஃபிளாக்கை எடுத்தார்கள். அது அதிர்ஷ்டம் கொடுத்தது. மேலாளர் கணக்கில் சேராது.

எனக்கு வலிப்பது வேறொன்று. டல்லாஸிலேயே இருந்திருந்தால் லூகா சுமார் 345 மில்லியன் டாலர் ஒப்பந்தத்துக்குத் தகுதி பெற்றிருப்பார். மாற்றியதும் அந்தத் தகுதி போய்விட்டது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்கள் மொத்த லீகிலும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

கே: அந்த மாதிரி ட்ரேடு நம்ம ஊரில் உண்டா?
– மாவட்ட அணி வீரர், திருவொற்றியூர் தேரடி

ப: உண்டு. அதை நாம் ‘ஆர்டர் வந்துடுச்சு’ என்று சொல்லி இனிப்பு கொடுக்கிறோம்.

சீனியர் தேசியப் போட்டியின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு, பஞ்சாப், கேரளம் என்று மாநிலங்கள் இருக்கும். அவற்றோடு இந்திய ரயில்வே, சர்வீசஸ் என்று மாநிலமே இல்லாத அணிகளும் இருக்கும். இங்கே பயிற்சி எடுத்து, தமிழ்நாடு ஜூனியர் அணிக்கு ஆடி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு ரயில்வே வேலை கிடைக்கிறது. அடுத்த தேசியப் போட்டியில் அதே பெண் ரயில்வே ஜெர்சியில் தமிழ்நாட்டுக்கு எதிராக நிற்பாள். அமெரிக்காவில் மேலாளர்கள் போனில் பேசி முடிக்கிற காரியத்தை இங்கே ஒரு பணி நியமன ஆணை முடித்துவிடுகிறது. பெண்கள் பிரிவில் ரயில்வே இத்தனை காலம் கோலோச்சுவதற்குக் காரணமும் அதுதான்: எல்லா மாநிலமும் வளர்த்த பிள்ளைகளை ஒரே முதலாளி வேலைக்கு எடுக்கிறார்.

அதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்னைக்காரர் அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். 18 ஆண்டு இந்திய அணியில் ஆடினார், கேப்டனாக இருந்தார், குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021-இல் பத்மஸ்ரீ. மாதச் சம்பளம் என்கிற தரை காலுக்குக் கீழே இல்லையென்றால் ஒரு பெண்ணால் இந்த நாட்டில் 18 வருஷம் கூடைப்பந்து ஆடியிருக்க முடியாது.

கே: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மாநில அணிக்கு ஒரு முறை ஆடியிருக்கிறாள். ஒரு கல்லூரி ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் இலவசம் என்கிறது. கோச் ‘ரயில்வே ட்ரையல்ஸ் வருது, வேலையைப் பிடிச்சுக்கோ’ என்கிறார். அவள் அப்பா துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை. எதை விடுவது, எதைப் பிடிப்பது?
– ஒரு தாய், டோல்கேட்

ப: அம்மா, இந்த வாரம் அதிக நேரம் எடுத்துக்கொண்ட கடிதம் உங்களுடையது.

முதலில் ஒரு நல்ல செய்தி. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயது 18 முதல் 25 வரை. தளர்வு கிடையாது. ஆனால் உங்கள் மகளுக்கு இன்னும் ஏழு வருஷம் கையில் இருக்கிறது. ‘இப்ப விட்டா போச்சு’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அடுத்து மார்க். மொத்தம் 100. அதில் ட்ரையல்ஸில் காட்டும் ஆட்டத்துக்கும் உடல்தகுதிக்கும் 40. இதுவரை வாங்கிய பதக்கங்களுக்கும் ஆடிய போட்டிகளுக்கும் 50. படிப்புக்கு 10. அதாவது அன்றைக்கு நன்றாக ஆடினால் மட்டும் போதாது. கையில் இருக்கிற காகிதம் அதைவிட அதிகம் பேசும். சாதனையைப் பொறுத்துத்தான் எந்த லெவலில் சேர்ப்பார்கள் என்பதும். 7-வது சம்பளக் கமிஷன் கணக்கில் லெவல் 2 என்றால் அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், லெவல் 5 என்றால் 29,200. இந்த வித்தியாசம் ஒரு மாதத்தோடு போகாது, பணிக்காலம் முழுக்கத் தொடரும்.

ஆகவே என் யோசனை: கல்லூரியில் சேரட்டும். மூன்று வருஷத்தில் ஒரு டிகிரி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, நடந்தால் ஒரு பதக்கம். இந்த மூன்றும் அவளை மேல் படியில் ஏற்றிவிடும். அதற்காக ட்ரையல்ஸை விட வேண்டாம். 18 முடிந்ததும் விண்ணப்பம் போடலாம். போய் ஆடிவிட்டு வருவதால் குறைவதொன்றும் இல்லை. வருஷா வருஷம் அங்கே வந்து நிற்கிற மற்ற பெண்கள் எந்த உயரம், எந்த வேகம் என்று அவள் கண்ணாலேயே பார்த்துவிடுவாள். நல்ல லெவலில் ஆர்டரே வந்துவிட்டால் வாங்கிக்கொண்டு தொலைதூரக் கல்வியில் டிகிரியை முடிக்கட்டும். வீட்டில் ஒரு சம்பளம் நிரந்தரமில்லாதபோது இன்னொன்று நிரந்தரமாக வருவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

கல்லூரி ‘எல்லாம் இலவசம்’ என்று சொல்வதைக் காகிதத்தில் வாங்குங்கள். முட்டி ஜவ்வு கிழிந்து ஒரு வருஷம் ஆட முடியாமல் போனால் ஹாஸ்டல் இருக்குமா, ஃபீஸ் கேட்பார்களா? இதை அட்மிஷன் அன்றைக்கே கேளுங்கள், பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு. கோபித்துக்கொள்கிற கல்லூரி என்றால் அப்போதே தெரிந்துகொண்டது நல்லது.

கடைசியாக, இன்று மாலையே செய்ய வேண்டியது. மாநில அணிக்கு ஆடியதற்கு ‘ஃபார்ம் 2’ சான்றிதழ் இருக்கிறதா? பல்கலைக்கழகப் போட்டிக்கு ஃபார்ம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு ஃபார்ம் 4. பங்கேற்புச் சான்றிதழும் ஷீல்டும் ஷோகேஸுக்கு. வேலைக்கு இந்த ஃபார்ம்தான். சங்கத்தின் செயலாளர் கையெழுத்து, முத்திரை, போட்டி நடந்த ஊர், தேதி எல்லாம் சரியா என்று பாருங்கள். முக்கியமாக இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஸ்போர்ட்ஸ் சான்றிதழில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. சரிபார்க்கும் அன்று மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். செயலாளர் மாறிவிட்ட பிறகு பழைய தேதிக்குப் புதுக் கையெழுத்து வாங்குவதற்குள் விண்ணப்பத் தேதி தாண்டிவிடும்.

மகளிடம் நான் வாழ்த்துச் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கே: என் பையன் 5 அடி 5 அங்குலம்தான். கூடைப்பந்தை விடச் சொல்லவா?
– ஆட்டோ ஓட்டுநர், புதுவண்ணாரப்பேட்டை

ப: மக்ஸி போக்ஸ் 5 அடி 3 அங்குலம். என்பிஏவில் 14 சீசன் ஆடினார். பையனை விடுங்கள், ஆடட்டும்.

கே: சத்னாம் சிங் கிடைத்த வாய்ப்பைக் கோட்டை விட்டுவிட்டார் என்று என் நண்பன் சொல்கிறான். நான் இல்லை என்கிறேன். யார் பக்கம்?
– ஐடிஐ மாணவர், எண்ணூர்

ப: உங்கள் பக்கம், பெரும்பாலும்.

பஞ்சாபில் பல்லோ கே என்ற சிற்றூர். விவசாயி மகன், 7 அடிக்கு மேல் உயரம். 14 வயதில், 2010-இல், உதவித்தொகையில் ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போகிறான். ஆங்கிலம் தெரியாது. ஐந்து வருஷம் கழித்து 2015 ஜூனில் டல்லாஸ் மேவரிக்ஸ் அவனை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுக்கிறது. என்பிஏ டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். அன்றைக்கு நாட்டில் பட்டாசு வெடிக்காதது ஒன்றுதான் குறை.

டிராஃப்டில் பெயர் வாசித்தால் கோடிகள் வந்துவிடும் என்று இங்கே பலர் நினைத்துவிட்டார்கள். மொத்தம் 60 பேரை எடுக்கிறார்கள். முதல் சுற்றில் வரும் 30 பேருக்குத்தான் உறுதியான ஒப்பந்தம், நிர்ணயித்த சம்பளம். இரண்டாவது சுற்றில் வந்தவனுக்கு அணி எதையும் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. சத்னாம் என்பிஏவின் துணை லீகான டி-லீகில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணிக்குப் போனார். அங்கே அப்போது ஒரு சீசனுக்கு அதிகபட்சச் சம்பளமே 30 ஆயிரம் டாலருக்குக் கீழ். இரண்டு சீசன் ஆடியும் களத்தில் நின்ற நேரம் சொற்பம். என்பிஏ மேட்ச் ஒன்றுகூட ஆடாமல் திரும்பினார். பிறகு கனடாவில் ஒரு சீசன். ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி 2 ஆண்டுத் தடை. அது 2020 டிசம்பரில் உறுதியானது. 2022 முதல் அமெரிக்காவில் மல்யுத்த மேடையில் இருக்கிறார்.

தடைக்கு அவர் பொறுப்பேற்கத்தான் வேண்டும். எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிடுவது வீரனின் கடமை. உங்கள் நண்பன் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் 2015-இல் அவருக்கு வயது 19. அவர் ஆட்டம் பழையபாணி சென்டரின் ஆட்டம்: கூடைக்கடியில் நின்று, உடம்பால் தள்ளி, கையெட்டிப் போடுவது. அதே வருஷம் ஸ்டெஃபன் கரியின் கோல்டன் ஸ்டேட் தூரத்திலிருந்து மூன்று மூன்றாக எறிந்து கோப்பையைத் தூக்கிவிட்டது. அதற்குப் பிறகு ஓட முடியாத 7 அடிக்காரருக்கு லீகில் இடம் சுருங்கிக்கொண்டே போனது. அவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் வீட்டையே மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது இங்கே அவருக்கு நிலையாக ஆட ஒரு லீக் இருந்திருந்தால் மல்யுத்த மேடைக்குப் போயிருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கே: நம் பெண்கள் யாராவது அமெரிக்க லீக் வரை போயிருக்கிறார்களா?
– பள்ளி மாணவி, விம்கோ நகர்

ப: வாசல் வரை போய்க் கதவைத் தட்டியவர் கீது அன்னா ஜோஸ். கேரளத்துக்காரர், 6 அடி 2 அங்குலம், வாலிபாலில் தொடங்கியவர். தெற்கு ரயில்வே வேலைக்காகச் சென்னை வந்தார். 2006 முதல் மெல்போர்னின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காக ஆடினார். 2011-இல் டபிள்யூஎன்பிஏ அணிகளின் ட்ரையல்ஸுக்கு அழைப்பு வந்தது. அதுவரை எந்த இந்தியப் பெண்ணுக்கும் வராத அழைப்பு. இடம் கிடைக்கவில்லை. 2014-இல் அர்ஜுனா விருது.

அந்த லீகில் அப்போது இருந்ததே 12 அணிகள். ஓர் அணிக்கு 11 பேர் என்று வைத்தாலும் உலகம் முழுவதிலிருந்தும் 132 பேருக்குத்தான் இடம். அவர் தோற்றுத் திரும்பினார் என்று எழுதினால் என் பேனாவை நானே உடைத்துவிடுவேன். உனக்கு என்ன வயது என்று எழுதவில்லையே, பாப்பா? 13, 14 என்றால் இடது கையாலும் லேஅப் போடப் பழகு. இப்போது பழகினால்தான் வரும்.

கே: பேசப்பட்ட பெரிய தொகையை வேண்டாம் என்று சொல்லி வருந்தியவர்கள் யார்?
– மளிகைக் கடைக்காரர், தண்டையார்பேட்டை

ப: லட்ரெல் ஸ்ப்ரீவெல். 2004-இல் மினசோட்டா 3 வருஷத்துக்கு 21 மில்லியன் டாலர் தருவதாகச் சொன்னது. குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும், இது போதாது என்றார். அந்த சீசனுக்குப் பிறகு என்பிஏவில் ஆடவே இல்லை. பின்னாளில் அவருடைய படகே ஜப்தியானது. டென்னிஸ் ஷ்ரூடர் லேக்கர்ஸ் பேசிய 4 வருஷம், 84 மில்லியனை ஏற்கவில்லை. 2021-இல் பாஸ்டனில் ஒரு வருஷம் 5.9 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். நெர்லன்ஸ் நோயல் 2017-இல் டல்லாஸின் 70 மில்லியனை விட்டுவிட்டு சுமார் 4 மில்லியனில் நின்றார்.

மூவரையும் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அண்ணாச்சி, நீங்கள் வியாபாரி, உங்களுக்குத் தெரியும். சரக்கு நம் உடம்பு, விலை போகிற காலம் பத்து வருஷம், நாளைக்கு முட்டி இருக்குமா என்று தெரியாது. இதில் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. 1970-இல் ஆஸ்கர் ராபர்ட்சன் லீக் மீதே வழக்குப் போட்டு, 1976-இல் அது சமரசமாகி, ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணியோடு பேசலாம் என்ற வழி திறந்ததே, கேட்க ஒருவர் துணிந்ததால்தான்.

கே: சரி, லாபமான கையெழுத்து எது?
– அதே கடைக்காரர், அதே தண்டையார்பேட்டை

ப: ஆடாமல் சம்பாதித்த சில்னா சகோதரர்கள். 1976-இல் ஏபிஏ லீக் கலைந்து நான்கு அணிகள் என்பிஏவில் சேர்ந்தன. இவர்களுடைய செயின்ட் லூயிஸ் அணிக்கு இடமில்லை. 2.2 மில்லியன் வாங்கிக்கொண்டு, கூடவே அந்த நான்கு அணிகளின் தொலைக்காட்சி வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு, லீக் இருக்கும் வரை வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். அன்று டிவி வருமானம் பொடிக்காசு. 2014-இல் லீக் 500 மில்லியன் கொடுத்து அந்த வரியின் பெரும்பகுதியிலிருந்து விடுபட்டது.

கே: கபடிக்குக் கோடி கொடுக்கிறார்கள். கூடைப்பந்துக்கு ஏன் இல்லை?
– மாவட்ட அணி வீரர், திருவொற்றியூர் தேரடி (இரண்டாவது கடிதம்)

ப: புரோ கபடி 2014-இல் தொடங்கியது. கொரோனாக் காலம் போக இன்று வரை விடாமல் டிவியில் வருகிறது. அதனால்தான் 2022-இல் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுக்க முடிந்தது. முதல் மேட்சிலேயே அவர் முட்டி போய் சீசன் முழுக்க வெளியே இருந்தார். அடுத்த ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் 2.6 கோடிக்கு மேல் கொடுத்தது. அடிபட்டவனுக்கு அதைவிட அதிக விலை. தொடர்ந்து நடக்கிற லீகில்தான் அப்படி இரண்டாவது வாய்ப்பு வரும்.

கூடைப்பந்தில் 2015-இல் யூபிஏ வந்தது, சென்னை ஸ்லாம் என்று அணிகூட இருந்தது. 2017-க்குப் பிறகு நின்றது. 2022-இல் ஐஎன்பிஎல் வந்தது, சென்னை ஹீட் ஆடியது. ஒவ்வொரு முறையும் பேரும் ஜெர்சியும் புதுசு. ரசிகன் மனப்பாடம் செய்வதற்குள் கலைந்துவிடுகிறது. எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. பையன்களுக்கு 22 வயது ஒரு தடவைதான் வரும். சங்கங்களும் முதலாளிகளும் சண்டை முடித்து அடுத்த லீகுக்கு வருவதற்குள் அவனுக்கு 28 ஆகிவிடுகிறது.

கே: தம்பிக்கு ஓர் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். வெளிநாட்டு லீக். முன்பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?
– அக்கா ஒருவர், ராயபுரம்

ப: கட்டாதீர்கள். ஏஜென்ட்டுக்கு வீரன் பணம் கொடுப்பது சம்பளம் வந்த பிறகு. என்பிஏவில் உச்சவரம்பு 4 சதவீதம். சர்வதேச சம்மேளனமான ஃபீபாவின் விதியில் 10. முன்பணம் கேட்கிறவர் ஏஜென்ட் அல்ல.

மேலும் மூன்று விஷயம் பாருங்கள். அவருக்கு ஃபீபா உரிமம் உண்டா? ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆடப் போக, இங்கிருக்கிற சம்மேளனம் கிளியரன்ஸ் கடிதம் தர வேண்டும். அதைப் பற்றி அவர் பேசினாரா? மூன்றாவதுதான் முக்கியம்: சம்பளம் வராவிட்டால் எங்கே முறையிடுவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? ஜெனீவாவில் கூடைப்பந்துக்கென்றே ஒரு நடுவர் மன்றம் 2007-இலிருந்து இயங்குகிறது. ஊதியம் ஏமாற்றிய கிளப்புகளை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அந்த மன்றத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அங்கே போக முடியும். ஒரே ஒரு பத்தி. தம்பியின் தாளில் அது இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மாட்டேன் என்றால் தம்பி இங்கேயே இருக்கட்டும்.

கே: 1980-களில் கம்பெனி டீமுக்காக ஆடி வேலை வாங்கினேன். 27 வயதில் டீமைக் கலைத்துவிட்டார்கள். ஷிப்ட்டுக்குப் போய் ரிட்டயர் ஆனேன். வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனாலும் பந்து சத்தம் கேட்டால் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிறது. இந்த வயதில் இது என்ன வருத்தம்?
– ஓய்வுபெற்ற தொழிலாளி, திருவொற்றியூர்

ப: ஐயா, வேலையை எடுத்தது சரி. டீமைக் கலைத்தது தப்பு. அந்தத் தப்பு உங்களுடையது அல்ல, ஆனால் வருத்தம் மட்டும் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறீர்கள். தொழிற்சாலை அணிகள் இருந்த காலத்தில் மாலை ஷிப்ட் முடிந்ததும் கேலரி கட்டி ஆட்டம் பார்த்த ஊர் இது. நிர்வாகம் செலவைக் குறைக்க நினைத்தபோது முதலில் வெட்டியது ஆட்டத்தைத்தான்.

ஒரு வேண்டுகோள். இங்கே நடக்கிற லோக்கல் டோர்னமென்டுகளில் ஸ்கோர் ஷீட் ஒழுங்காக எழுத ஆள் கிடைப்பதில்லை. எத்தனையாவது ஃபவுல், எந்தக் கால் பகுதியில், டைம்-அவுட் மிச்சம் எத்தனை என்று தெரியாமல் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். உங்களுக்கு அது தூக்கத்திலும் வரும். நீல மசி, சிவப்பு மசி என்று நிறம் மாற்றி எழுதிய தலைமுறை நீங்கள். சனிக்கிழமை மாலை இரண்டு பேனாவோடு பக்கத்து கோர்ட்டுக்குப் போங்கள். போகும்போது அந்த டோல்கேட் அம்மாவின் மகள் மாதிரிப் பிள்ளைகளுக்கு ஃபார்ம் 2-வில் இனிஷியல் சரியா என்றும் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.